சிலிக்கான் ஆனோடு: பத்து மடங்குக் கொள்ளளவும் அதைத் தின்னும் படலமும்

லித்தியம் அயனி பேட்டரியை மின்னேற்றும்போது லித்தியம் வந்து தங்குகிற எதிர்முனையை ஆனோடு என்கிறோம். இந்த பேட்டரி 1991-ல் விற்பனைக்கு வந்ததிலிருந்து அந்த இடத்தில் பெரும்பாலும் கார்பன்தான் இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே கார்பனின் பல வகைகளில் கிராஃபைட் நிலைத்துவிட்டது. கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்தால்தான் ஒரு லித்தியத்துக்கு இடம் கிடைக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. அதற்கு மேல் கிராஃபைட்டால் தர முடியாது.

சிலிக்கான் வேறு விதம். அறை வெப்பநிலையில் நான்கு சிலிக்கான் அணுக்கள் பதினைந்து லித்தியம் அணுக்கள் வரை ஏற்றுக்கொள்ளும். கிராமுக்கு 3579 மில்லி ஆம்பியர்-மணி. எல்லோரும் சொல்லும் 'பத்து மடங்கு' இதுதான். சில இடங்களில் 4200 என்று பார்த்திருப்பீர்கள். அது உயர் வெப்பநிலையில் மட்டும் உருவாகும் சேர்மத்துக்கான எண்; கைபேசிக்கோ காருக்கோ பொருந்தாது.

அந்தப் பத்து மடங்கு பேட்டரியில் அப்படியே கிடைக்காது. ஏன் என்பதை முதலிலேயே பார்த்துவிடலாம். ஒரு ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள கலத்தை, அதாவது ஒற்றை பேட்டரி அலகை, எடுத்துக்கொள்வோம். லித்தியத்தைத் தரும் நேர்முனையான கேத்தோடு கிராமுக்கு 200 மில்லி ஆம்பியர்-மணி தரும் என்றால் 5 கிராம் வேண்டும். எதிரே கிராஃபைட் என்றால் 2.7 கிராம், சிலிக்கான் என்றால் வெறும் 0.28 கிராம். மொத்தம் 7.7 கிராம் 5.3 கிராமாகக் குறைகிறது. ஆனால் சிலிக்கான் கிராஃபைட்டைவிடச் சற்றே உயர்ந்த மின்னழுத்தத்தில் வேலை செய்வதால் கலத்தின் சராசரி மின்னழுத்தம் 0.2 முதல் 0.3 வோல்ட் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எடைக்கான ஆற்றல் மூன்றில் ஒரு பங்குபோல் கூடுகிறது. ஆனோடைத் தாங்கும் செப்புத் தாள், உறை, லித்தியம் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி எல்லாம் சேர்ந்தால் இதுவும் குறையும். கன அளவிலும் இதே கதைதான்: வீங்கிய நிலையில் அளந்தால் சிலிக்கான் கிராஃபைட்டைப் போல மூன்று மடங்குதான் கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆனோடு கிராமுக்கு 1000 தந்தாலே அதன் எடை 1 கிராமுக்கு வந்துவிடுகிறது. மொத்தம் 6 கிராம். அங்கிருந்து 3579 வரை ஏறினாலும் மிச்சமாவது வெறும் 0.7 கிராம். ஆகவே சுத்த சிலிக்கானைத் துரத்துவதைவிட, நிலைத்து நிற்கும் 1000-ஐப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு துகள், ஒரு சுற்று

ஒரு முறை மின்னேற்றி இறக்குவதுதான் ஒரு சுற்று. 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு சிலிக்கான் துகளை மனக்கண்ணில் வையுங்கள். படிக ஒழுங்கில் அமைந்த உருண்டை. முதல் மின்னேற்றத்தில் லித்தியம் எல்லா இடத்திலும் சீராகப் பரவாது. வெளியிலிருந்து உள்ளே ஒரு எல்லைக்கோடு போல நகரும். கோட்டுக்கு வெளியே ஒழுங்கு குலைந்த லித்தியம்-சிலிக்கான் கலவை, உள்ளே இன்னும் தொடப்படாத கெட்டிப் படிகம். கோட்டின் தடிமன் ஒரு நானோமீட்டர் அளவுதான்.

எல்லை உள்ளே போகப்போக, புதிதாக வீங்கும் பகுதி ஏற்கெனவே வீங்கிய வெளித்தோலை நெட்டித் தள்ளுகிறது. தோல் இழுபடுகிறது; துகள் பெரியதாக இருந்தால் மேற்பரப்பில் விரிசல் பிறக்கிறது. முழுதாக லித்தியம் ஏறியதும் துகளின் கன அளவு கிட்டத்தட்ட 3.8 மடங்கு, விட்டம் 100-லிருந்து 156 நானோமீட்டர். கிராஃபைட் இதே வேலையில் 10 சதவீதம் சுற்றித்தான் வீங்கும்.

துகள் மிகச் சிறியதாக இருந்தால் விரிசலைப் பெரிதாக்கும் அளவுக்கு அதில் ஆற்றல் சேராது. படிக சிலிக்கானில் இந்த எல்லை சுமார் 150 நானோமீட்டர் என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே துகள் உடையாமல் வீங்கும். மேலே போனால் பிளக்கும். லித்தியம் வெளியேறும்போது துகள் சுருங்குகிறது. ஆனால் பழைய படிகம் திரும்புவதில்லை, ஒழுங்கற்ற சிலிக்கானாகவே இருந்துவிடுகிறது.

அப்படியானால் 100 நானோமீட்டர் தூளை வாங்கிப் போட்டால் போதாதா? போதாது. இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடம் மாறுகிறார்கள்.

உண்மையான எதிரி

ஆனோடு வேலை செய்யும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் மின்பகுளி தாக்குப்பிடிக்காது. ஆனோடின் பரப்பைத் தொட்ட இடத்தில் சிதைந்து, லித்தியத்தையும் இழுத்துக்கொண்டு மெல்லிய படலமாகப் படிகிறது. எஸ்.இ.ஐ. படலம் என்று துறையில் சொல்வது இதைத்தான். லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. எனவே ஒருமுறை படிந்துவிட்டால் மேலும் சிதைவு நிற்க வேண்டும். கிராஃபைட்டில் நின்றுவிடுகிறது. பேட்டரி ஆயிரம் சுற்று ஓடுவதே இந்தப் படலத்தின் புண்ணியத்தில்தான்.

சிலிக்கானில் படலத்துக்கு நிம்மதி கிடையாது. அடியில் இருக்கும் துகள் ஒவ்வொரு சுற்றிலும் ஊதிச் சுருங்குவதால் படலம் கிழிகிறது, புதுப் பரப்பு மின்பகுளிக்குத் தெரிகிறது, அங்கே புதுப் படலம் வளர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் போய்விடுகிறது. போன லித்தியம் திரும்பாது. சுற்றில் பயன்படும் மொத்த லித்தியமும் கேத்தோடிலிருந்து வந்தது. அதுதான் கையிருப்பு, மேற்கொண்டு வரவு இல்லை.

துகளை நானோ அளவுக்குக் குறைத்தால் உடைவது நிற்கும், ஆனால் பரப்பு பெருகும். 100 நானோமீட்டர் உருண்டைகளில் ஒரு கிராமுக்குச் சுமார் 26 சதுர மீட்டர் பரப்பு. பேட்டரி கிராஃபைட்டில் இது சில சதுர மீட்டர்தான். பரப்பு கூடக்கூட முதல் சுற்றிலேயே படலத்துக்குப் போகும் லித்தியமும் கூடும்.

இந்த இழப்பை அளக்கும் எண் கூலும் திறன்: உள்ளே போன மின்னூட்டத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்பது. 99 சதவீதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.37. நூறு சுற்றில் லித்தியத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 99.9 என்றால் 500 சுற்றுக்குப் பின் 61 சதவீதம் மிஞ்சும். 99.99 வந்தால்தான் 500 சுற்றில் 95 நிற்கும். சிலிக்கான் ஆனோடைப் பற்றி யார் எந்தப் புதுமை சொன்னாலும் கொள்ளளவைக் கேட்பதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள், இரண்டு தசமத்தோடு.

துகளைத் திருத்தும் வழிகள்

2008-ல் ஸ்டான்ஃபோர்டில் யீ சூயியின் குழு உலோகத் தகட்டின் மேல் சிலிக்கான் நானோ கம்பிகளை நேராக வளர்த்துக் காட்டியது. கம்பிகளுக்கு நடுவே வீங்க இடம் இருந்ததால் அவை உடையவில்லை. அதே குழு பிறகு, ஓட்டுக்குள் ஆடும் கொட்டை போல, காலி இடம் விட்ட கார்பன் கூட்டுக்குள் சிலிக்கானை வைத்தது. 2014-ல் அத்தகைய கூடுகளை மாதுளை முத்துக்களைப் போலக் கட்டுக்கட்டாகச் சேர்த்தது. மின்பகுளி கூட்டை மட்டும் தொடும். கூடு வீங்காது, அதனால் படலமும் கிழியாது. இந்தத் துறையின் மிக அழகான யோசனை இது என்பேன். சிக்கல் என்னவென்றால் படிகள் அதிகம்; கூட்டில் ஒரு சிறு துளை விழுந்தாலும் மின்பகுளி உள்ளே போய்விடும்.

தொழிற்சாலை அளவில் இப்போது முன்னணியில் இருப்பது இதன் எளிய வடிவம். முதலில் நுண்துளைகள் நிறைந்த கார்பன் தூள் செய்கிறார்கள். அதைச் சில நூறு டிகிரி செல்சியஸில் வைத்து சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவைச் செலுத்தினால், வாயு சிதைந்து சிலிக்கான் துளைகளுக்குள்ளேயே படிகிறது. துளையின் அகலமே சிலிக்கானின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. எவ்வளவு நிரப்பலாம்? ஒரு கிராம் கார்பனில் ஒரு கன சென்டிமீட்டர் துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் 3.8 மடங்கு வீங்கியும் துளைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றால், அதில் 0.26 கன சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 0.61 கிராமுக்கு மேல் வைக்கக் கூடாது. தூளின் எடையில் சிலிக்கான் 38 சதவீதம். கொள்ளளவு கிராமுக்கு 1350 அளவில் வரும். பேராசைப்பட்டு அதிகம் நிரப்பினால் முதல் சுற்றிலேயே கார்பன் சுவர் பிளக்கும். குறிப்பு: சிலேன் காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றும் வாயு. முறையான வாயுக் கூடமும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் அதை நினைக்கவே கூடாது.

மூன்றாவது வழி சிலிக்கான் ஆக்சைடு. கண்ணாடி மணலாகிய சிலிக்கான் டை ஆக்சைடு வேறு; இதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் ஏறக்குறைய சமமாக இருக்கும். முதல் மின்னேற்றத்தில் ஆக்சிஜன் லித்தியத்தைப் பிடித்து லித்தியம் ஆக்சைடாகவும் லித்தியம் சிலிக்கேட்டாகவும் மாறி, சின்னஞ்சிறு சிலிக்கான் புள்ளிகளைச் சுற்றி மெத்தை போல நிற்கிறது. வீக்கம் சுத்த சிலிக்கானின் பாதி அளவுக்கு இறங்கும், ஆயுள் நன்றாக இருக்கும். விலையாகக் கொடுப்பது முதல் சுற்றை: உள்ளே போன லித்தியத்தில் 70 முதல் 75 சதவீதம்தான் திரும்பும். மக்னீசியத்தையோ லித்தியத்தையோ முன்கூட்டியே அந்தத் தூளில் கலந்து ஆக்சிஜனின் பசியை ஆற்றிவிட்டால் இது 80-ஐத் தாண்டும். சந்தையில் ஓடும் பல கலங்களில் கிராஃபைட்டோடு சில சதவீதம் கலந்திருப்பது இந்த ஆக்சைடுதான்.

கலவைக் கணக்கு எளிது. கிராஃபைட் நடைமுறையில் 360, சிலிக்கான் 3500 என்று வைத்தால், 5 சதவீத சிலிக்கான் சேர்த்த ஆனோடு 517 தரும், 10 சதவீதம் 674 தரும். 1500 தரும் ஆக்சைடை 10 சதவீதம் சேர்த்தால் 474.

பைண்டர், கூழ், பூச்சு

தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை செப்புத் தாளில் பிடித்து வைக்கும் பைண்டர் தோற்றால் எல்லாம் தோற்றது. பழைய பழக்கத்தில் பி.வி.டி.எஃப். என்ற ஃபுளூரின் கொண்ட பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினால் சில பத்துச் சுற்றுகளுக்குள் பூச்சு உதிரும். அது சிலிக்கானோடு வேதிப் பிணைப்பு எதுவும் போடுவதில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்பாக்சில் தொகுதிகள் உள்ள பைண்டர்கள் சிலிக்கானின் மேல் இயல்பாக இருக்கும் ஆக்சைடுத் தோலைக் கைகோத்துப் பிடிக்கும். செல்லுலோஸிலிருந்து செய்யும் சி.எம்.சி., பாலிஅக்ரிலிக் அமிலம், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மூன்றும் இந்த வகை. தொடங்குபவருக்கு பாலிஅக்ரிலிக் அமிலத்தைச் சொல்வேன்.

தாளில் பூச, தூள்களையும் பைண்டரையும் நீரில் கலந்து கூழாக்க வேண்டும். ஆய்வகத்தில் 10 கிராம் திடப்பொருளுக்கான ஒரு தொடக்கக் கலவை: கிராஃபைட் 7.8 கிராம், சிலிக்கான்-கார்பன் தூள் 1.2 கிராம், கடத்தும் கார்பன் 0.3 கிராம், பாலிஅக்ரிலிக் அமிலம் 0.7 கிராம். அமிலத்தை 10 சதவீத நீர்க்கரைசலாக, அதாவது 7 கிராம் கரைசலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த லித்தியம் ஹைட்ராக்சைடு 0.2 கிராம் சேர்த்தால் அமிலத்தில் ஏறக்குறைய பாதி நடுநிலையாகும். கரைசல் கெட்டிப்படும், துகள்கள் அடியில் தங்காமல் மிதக்கும். பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

வரிசை முக்கியம். ஹைட்ராக்சைடை முதலில் போட்டு முழுதாகக் கரைத்து, பி.எச். பார்த்து, கார்பனையும் கிராஃபைட்டையும் கலக்கி, சிலிக்கானைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பது மூடியைத் திறந்தாலே தெரியும். கார நீரில் சிலிக்கான் கரைந்து ஹைட்ரஜனை விடுகிறது. கூழின் மேல் குமிழ் எழும்பும், பூசியதும் தாளில் ஊசித்துளை விழும். இரவு முழுக்க இறுக மூடி வைத்த பாட்டிலில் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கவும் செய்யும். கூழை அன்றே பூசிவிடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் மூடியைத் தளர்த்தி, தீப்பொறி இல்லாத இடத்தில் வையுங்கள். உலர்ந்த நானோ தூளை அள்ளும்போது முகக்கவசமும் புகைக் கூண்டும் கட்டாயம்.

10 மைக்ரோமீட்டர் செப்புத் தாளில் பூசி, 60 முதல் 80 டிகிரியில் நிதானமாக உலர்த்துங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் நீரோடு சேர்ந்து பைண்டரும் மேலே ஏறிவிடும். மேற்பரப்பு பளபளக்கும், தாளை ஒட்டிய அடிப்பகுதி உரியும். பிறகு வெற்றிடத்தில் 120 டிகிரி, ஓர் இரவு. 150-ஐத் தாண்ட விடாதீர்கள்: அமிலத் தொகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீரை இழக்கத் தொடங்கினால் சிலிக்கானைப் பிடிக்க வேண்டிய கைகளே குறைந்துபோகும். உருளையில் அழுத்தும்போது சுத்த கிராஃபைட்டுக்குக் கொடுக்கும் அழுத்தத்தைக் கொடுக்காதீர்கள். வீங்க இடம் வேண்டும்.

கடத்தும் கார்பனில் சிறு பகுதியை ஒற்றைச் சுவர் கார்பன் நானோ குழாயாக மாற்றினால் பெரிய பலன் உண்டு. எடையில் 0.1 சதவீதம் போதும். வழக்கமான கடத்தும் கார்பன் சிறு கரி உருண்டைகள்தான்; சிலிக்கான் துகள் சுருங்கும்போது அவை தொடர்பை விட்டுவிடும். நீண்ட குழாய்கள் நூலாகச் சுற்றிக்கொண்டு விடாமல் பிடிக்கும்.

மின்பகுளி

ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட், சுருக்கமாக எஃப்.இ.சி., இல்லாமல் சிலிக்கானைத் தொட வேண்டாம். வழக்கமான கார்பனேட் கரைப்பான்களுக்கு முன்பே இது சிதைந்து, லித்தியம் ஃபுளூரைடும் நெகிழ்வான பலபடிப் பொருளும் கலந்த படலத்தைப் போடும். 10 சதவீதத்தில் தொடங்குங்கள். படலம் கிழியும்போதெல்லாம் எஃப்.இ.சி. செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கலம் பல சுற்றுகள் ஒழுங்காக ஓடி, திடீரென்று பள்ளத்தில் விழுந்தது போலக் கொள்ளளவு இறங்கினால் பெரும்பாலும் எஃப்.இ.சி. தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்காக அள்ளிப் போடவும் முடியாது. சூடான நிலையில் அது சிதைந்து வாயு விடும், பை வடிவக் கலம் உப்பும்.

சோதனையில் ஏமாறும் இடம்

புதியவர்கள் பெரும்பாலும் ஆனோடுக்கு எதிரே லித்தியம் உலோகத் தகட்டை வைத்து நாணயக் கலத்தில் சோதிப்பார்கள். தகட்டில் லித்தியம் அள்ள அள்ளக் குறையாது. படலம் எவ்வளவு தின்றாலும் தகடு ஈடு கட்டிவிடும். வரைபடம் 200 சுற்றுக்கு நேர்கோடாகப் போகும். அதே ஆனோடை உண்மையான கேத்தோடுக்கு எதிரே வைத்தால் 40 சுற்றில் விழுந்துவிடும். லித்தியம் தகட்டுச் சோதனை முதல் சுற்றுத் திறனையும் கொள்ளளவையும் அறிய மட்டும். ஆயுளை அறிய முழுக் கலம் கட்ட வேண்டும். பூச்சு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லி ஆம்பியர்-மணியாவது தர வேண்டும். மெல்லிய பூச்சில் எல்லாமே நன்றாக ஓடும்.

இருந்தாலும் அந்தத் தகட்டுச் சோதனையில் ஒரு பொக்கிஷம் உண்டு: மின்னழுத்தக் கோடு. 20 மணி நேரம் பிடிக்கும் வேகத்தில் முதல் சுற்றை ஓட்டுங்கள். சுத்தமான படிக சிலிக்கான் என்றால் முதல் ஏற்றத்தில் 0.1 வோல்ட் அருகே நீண்ட சமதளம் தெரியும். படிகம் குலைவது அங்கேதான். இரண்டாம் சுற்றிலிருந்து சமதளம் மறைந்து சரிவாகும். இறக்கத்தில் 0.43 வோல்ட் அருகே ஒரு சமதளம் தலைகாட்டினால் எச்சரிக்கை. ஏற்றும்போது 0.05 வோல்ட்டுக்கும் கீழே இழுத்து, முழு லித்தியம் ஏறிய படிகத்தை உருவாக்கிவிட்டீர்கள் என்பதன் கைரேகை அது. அந்தப் படிகம் உருவாகிக் கரையும் ஒவ்வொரு முறையும் துகளுக்கு அடி விழுகிறது. கீழ் எல்லையை 0.07 வோல்ட்டில் நிறுத்துங்கள். கொள்ளளவில் கொஞ்சம் போகும், ஆயுள் தெளிவாகக் கூடும்.

முதல் சுற்று இழப்பை ஈடுகட்டும் வழிகள்

முதல் சுற்றில் போகும் லித்தியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது ஒரு வழி. ஆனோடின் மேல் மெல்லிய லித்தியம் படலத்தை உருளையால் அழுத்தலாம். ஈரம் அறவே இல்லாத அறை வேண்டும், அளவு கூடிவிட்டால் பரப்பில் லித்தியம் உலோகமாகவே தங்கி ஆபத்தாகும். கேத்தோடு கூழில் லித்தியம் மிகுந்த சேர்மம் ஒன்றைக் கலப்பது தொழிற்சாலைக்கு எளிது. ஐந்து லித்தியம் கொண்ட இரும்பு ஆக்சைடு கிராமுக்கு 867 மில்லி ஆம்பியர்-மணி வரை கொடுக்க வல்லது. முதல் ஏற்றத்தில் லித்தியத்தைக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடும். கூடவே ஆக்சிஜனையும் விடுவதால், முதல் ஏற்றத்துக்குப் பின் பைக் கலத்தைத் திறந்து வாயுவை வெளியேற்றி மறுபடி ஒட்ட வேண்டும். எந்த வழியானாலும் இது ஒருமுறை வரவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒழுகும் கலத்துக்கு இதனால் சில பத்துச் சுற்றுகள் கூடுமே தவிர ஒழுக்கு அடைபடாது.

சுற்று எண்ணிக்கை நன்றாக வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மின்னேற்றிய கலத்தை மாதக்கணக்கில் சும்மா வைத்தாலும் சிலிக்கானின் பரப்பில் சிதைவு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும், கிராஃபைட்டைவிட வேகமாக. கார் பேட்டரி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நின்றுதான் கிடக்கிறது. ஆகவே முழு ஏற்றத்துக்கு அருகே மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்து வைத்து, கலம் தொடர்ந்து இழுக்கும் சிறு மின்னோட்டத்தை ஒரு வாரம் அளந்து பாருங்கள். அது குறைந்துகொண்டே போய் அடங்கினால் படலம் நிலைத்துவிட்டது. ஒரு மட்டத்துக்கு மேல் இறங்க மறுத்தால், 500 சுற்று ஓடிய கலமாக இருந்தாலும் மின்பகுளியையும் துகளின் கார்பன் உறையையும் மறுபடி பார்க்க வேண்டும்.